பெற்றோருக்குப் பின்னும் வாழ வழி

(மீஞ்சூரை அடுத்த அத்திப்பட்டில், ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)



ஊராட்சிக் கூட்டம் என்றால் சாலை, குடிநீர், தெருவிளக்கு, வாய்க்கால் ஆகியவற்றைப் பேசவே பொழுது போதுவதில்லை. இன்று நாம் பேசக் கூடியிருக்கும் பொருள் அவற்றைப் போல ஊரார் அனைவரையும் தொடுவதன்று. சில வீடுகளில் மட்டுமே உள்ளது. ஆயினும் அந்த வீடுகளில் அது இரவும் பகலும் நீங்காத கவலையாக இருக்கிறது. ஆட்டிசம் என்றும் மதியிறுக்கம் என்றும் சொல்லப்படும் குறைபாட்டுடன் பிறந்த பிள்ளைகளைப் பெற்றவர்கள் உள்ளத்தில் வைத்து மறுகும் கேள்வி ஒன்றுதான்: "நம் காலத்துக்குப் பிறகு இந்தப் பிள்ளையை யார் பார்ப்பார்கள்?"

இக்கேள்விக்கு விடை காண்பது அப்பெற்றோரின் பொறுப்பு மட்டுமன்று; ஊரின் பொறுப்புமாகும். பிள்ளை சிறியதாயிருக்கும்போதே சிறுகச் சிறுகப் பழக்கினால், வளர்ந்தபின் தன் வேலைகளில் பெரும்பகுதியைத் தானே செய்துகொள்ளும். அதனால் இயலாததற்கு ஊர் கைகொடுத்தால், பெற்றோருக்குப் பின்னும் மானத்தோடு வாழும். வீட்டின் பயிற்சியும் ஊரின் துணையும் ஏரில் பூட்டிய இரண்டு மாடுகளைப் போன்றவை. ஒன்று நின்றுவிட்டால் மற்றொன்றால் உழ முடியாது.

ஆட்டிசம் என்பது யாது?

ஆட்டிசம் தொற்றுநோய் அன்று, பைத்தியம் அன்று, பேய் பிசாசின் வேலையும் அன்று, தாயின் வளர்ப்புக் குறையும் அன்று. மூளை வளரும் விதத்தில் பிறப்புக்கு முன்பே தொடங்கும் ஒரு வேறுபாடே அது. மரபுக் கூறுகளுக்கு இதில் பெரும் பங்குண்டு. தடுப்பூசியால் இது வருகிறது என்ற கருத்தைப் பரப்பிய கட்டுரை ஒன்று 1998ஆம் ஆண்டில் பிரிட்டனின் மருத்துவ ஏடொன்றில் வெளிவந்தது. 2010ஆம் ஆண்டில் அந்த ஏடே அக்கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. பல நாடுகளில் பல இலட்சம் குழந்தைகளை ஆராய்ந்து பார்த்தும் அத்தகைய தொடர்பு எதுவும் காணப்படவில்லை. ஆகையால் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவதில் எவரும் பின்வாங்க வேண்டுவதில்லை.

பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்பிப் பாராமை, வேண்டும் பொருளை விரலால் சுட்டாமை, பேச்சு வரத் தாமதம், வந்த பேச்சும் கிளிப்பிள்ளை போல் கேட்டதையே திருப்பிச் சொல்லுதல், மற்றப் பிள்ளைகளோடு கூடி விளையாடாமை, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தல், வழக்கம் சிறிது மாறினாலும் பெரிதும் கலங்குதல், உரத்த ஒலியையோ சில துணிகளின் உராய்வையோ பொறுக்காமை ஆகியவை இதன் அறிகுறிகள். எல்லோரும் ஒரே தன்மையர் அல்லர். பட்டப் படிப்புப் படித்து வேலைக்குச் செல்பவரும் உண்டு. ஒரு சொல்லும் பேசாமல் ஆயுள் முழுதும் பிறர் துணையை வேண்டுபவரும் உண்டு.

2021ஆம் ஆண்டில் உலக மக்களில் ஏறத்தாழ 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. இக்கணக்குப்படி 3,000 பேர் வாழும் ஊரில் இருபது பேருக்கு மேல் இருத்தல் கூடும். "நம் ஊரில் அத்தனை பேரைக் காணோமே" என்று வியப்பீர்கள். சிலர் வீட்டுக்குள்ளேயே வைக்கப்பட்டிருக்கிறார்கள். சிலர் "ஒரு மாதிரியான பிள்ளை" என்ற பெயரோடு தெருவில் நடமாடுகிறார்கள். காரணம் இன்னதென்று அவர்கள் வீட்டாருக்கும் தெரியாது.

இதனை அடியோடு மாற்றும் மருந்து எதுவும் இல்லை. இதை நாம் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 'ஸ்டெம் செல்' ஊசி போட்டால் குணமாகும் என்று கூறிப் பெருந்தொகை வாங்குவோர் இருக்கிறார்கள். ஆட்டிசத்துக்கு அச்சிகிச்சை பரிந்துரைக்கத் தக்கதன்று என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் வாரியம் 2022ஆம் ஆண்டிலேயே தெரிவித்துள்ளது. நிலத்தை அடகு வைத்து இத்தகைய ஊசிக்குச் செலவிடுவதைவிட, அந்த நிலத்தைப் பிள்ளையின் பிற்கால வாழ்வுக்கென வைத்துக் காப்பதே அறிவுடைமை. பயன் தருவது பயிற்சியே. அதனை எவ்வளவு இளமையில் தொடங்குகிறோமோ அவ்வளவு நன்று.

அன்றைய ஊரும் இன்றைய ஊரும்

விவசாயமும் உப்பளமும் மீன்பிடிப்பும் மட்டுமே நம் பகுதியின் தொழிலாயிருந்த காலத்தில், இத்தகைய பிள்ளைக்கு ஒரு பெயர் இல்லாவிட்டாலும் ஓர் இடம் இருந்தது. மாடு மேய்த்தல், தண்ணீர் இறைத்தல், களத்தில் நெல்லைக் காவல் காத்தல், வலைக்குக் கைகொடுத்தல் என்று நாள்தோறும் மாறாத வேலை ஏதேனும் ஒன்று அவன் கைக்குக் கிடைத்தது. பெற்றோர், பாட்டனார், சிற்றப்பன், அண்டை வீட்டார் என்று பல கண்கள் அவன்மேல் இருந்தன.

அக்காலம் பொற்காலம் என்று நாம் சொல்ல வரவில்லை. கல்லால் அடித்துக் கேலி செய்தவர்களும், தூணில் கட்டிவைத்தவர்களும் அன்றும் இருந்தார்கள். கட்டிவைத்தலின் கொடுமையை நாடு அறிந்தது 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள். இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயிலிருந்து தப்பியோட முடியாமல் மாண்டனர். மனநோய் வேறு, ஆட்டிசம் வேறு. ஆனால் சங்கிலி இருவருக்கும் ஒன்றே.

இன்று நம் பகுதியின் முகம் மாறிவிட்டது. வட சென்னை அனல்மின் நிலையமும், வல்லூர் அனல்மின் நிலையமும், எண்ணூரில் அமைந்த காமராஜர் துறைமுகமும் நம்மைச் சூழ்ந்திருக்கின்றன. வயலும் உப்பளமும் சுருங்கின. தகப்பன் முறை வேலைக்குச் செல்கிறான். தாயும் வேலைக்குச் செல்கிறாள். கூட்டுக் குடும்பம் தனிக் குடும்பமாகிவிட்டது. பழைய இடம் போயிற்று, பழைய கண்களும் குறைந்தன, அபாயங்களோ பெருகின. தானாக அமைந்திருந்த அந்த இடத்தை இனி நாம் திட்டமிட்டு அமைத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

ஒரு சிற்றூர் செய்து காட்டியது

ஊரால் என்ன செய்ய முடியும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் ஒன்றைச் சொல்வோம். ஆட்டிசத்தை விரிவாக எழுதிய முன்னோடிகளுள் ஒருவர் அமெரிக்க மருத்துவர் லியோ கானர். 1943ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட கட்டுரையில் பதினொரு குழந்தைகளைப்பற்றி எழுதினார். அவர்களுள் முதலாவதாகக் குறிக்கப்பட்டவர் மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்னும் சிற்றூரைச் சேர்ந்த டொனால்டு டிரிப்லெட். மூன்று வயதில் அவரை ஒரு விடுதியில் சேர்க்கும்படி மருத்துவர்கள் கூறினர். சேர்த்த பின் பிள்ளை வாடிப்போவதைக் கண்ட பெற்றோர் சுமார் ஓராண்டில் வீட்டுக்கு அழைத்துவந்துவிட்டனர்.

பின்னர் அவர் சில ஆண்டுகள் அவ்வூரை அடுத்த ஒரு விவசாயக் குடும்பத்தாரோடு வாழ்ந்தார். எதையும் அளப்பதிலும் எண்ணுவதிலும் அவருக்குத் தீராத வேட்கை. "இந்தப் பைத்தியக்காரத்தனத்தை விடு" என்று அவர்கள் அதட்டவில்லை. அளக்கும் ஆசையைக் கிணறு தோண்டி ஆழம் சொல்லும் வேலையாக மாற்றினர். சோள வரிசைகளை ஓயாமல் எண்ணிய பையனிடம் கலப்பையைக் கொடுத்து, உழுதுகொண்டே எண்ணச் சொன்னார்கள். பார்க்கச் சென்ற கானர், அச்சிறுவன் குதிரையையும் ஏரையும் திறம்பட நடத்தி உழுததைக் கண்டு வியந்து எழுதியிருக்கிறார். பள்ளிக்கூடம் செய்யாததை ஓர் உழவர் குடும்பம் செய்தது என்பதை இங்குள்ள உழவர்கள் கருதிப் பார்க்க வேண்டும்.

டொனால்டு பின்னர்ப் பள்ளியிற் படித்து, 1958ஆம் ஆண்டில் கல்லூரிப் பட்டமும் பெற்றார். ஊர் வங்கியில் வேலை செய்தார். இருபத்தேழாம் வயதில் கார் ஓட்டக் கற்றார். பெற்றோர் மறைந்தபின் அவர்கள் வீட்டிலேயே தனித்து வாழ்ந்தார். பல நாடுகளுக்குப் பயணமும் செய்தார். 2023ஆம் ஆண்டில் தம் 89ஆம் வயதில் காலமானார். அவர் குடும்பம் வசதியுள்ளது. வங்கியும் தாய்வழியாருக்கு உரியது என்பது உண்மையே. எனினும் பணம் மட்டும் அவரைக் காத்திருக்க முடியாது. ஊரார் அவருடைய விந்தையான பழக்கங்களை அறிந்து ஏற்றுக்கொண்டனர். அவருக்குத் தீங்கு செய்யலாகாது என்று வெளியாரை எச்சரித்தனர். பெற்றோருக்குப் பின் யார் என்ற கேள்விக்கு அவ்வூர் தானே விடையாக நின்றது.

தற்சார்பு என்பதன் பொருள்

தற்சார்பு என்றால் எவருடைய துணையுமின்றித் தனித்து வாழ்தல் என்று பொருளன்று. நம்மில் எவரும் அப்படி வாழ்வதில்லை. நாற்று நடவும் அறுவடைக்கும் ஆள் வேண்டும். தன்னால் இயன்றதைத் தானே செய்தல், இயலாததற்கு உதவி கேட்க அறிதல், தனக்கு வேண்டியது இது, வேண்டாதது இது என்று தெரிவித்தல் ஆகிய மூன்றுமே தற்சார்பு. ஒரு சொல்லும் பேசாத பிள்ளையும் இந்த மூன்றிலும் ஓரளவு முன்னேற முடியும்.

வீட்டிற் செய்யவேண்டிய பயிற்சி

தாயின் அன்பே சில வேளைகளில் பயிற்சிக்குத் தடையாகிறது. "அவனுக்குத் தெரியாது, பாவம்" என்று குளிப்பாட்டி, உடுத்தி, ஊட்டிவிட்டு வளர்க்கிறோம். பிள்ளைக்கு ஐந்து வயதாயிருக்கும்போது இது எளிது. அவன் இருபத்தைந்து வயது இளைஞனாகி, தாய் அறுபதை நெருங்கும்போது என்ன ஆகும்? ஆதலால் ஊட்டும் கையை நாளடைவில் விலக்கிக்கொள்வதே உண்மையான அன்பாகும்.

இப்பிள்ளைகள் கற்கும் முறை தனி. "குளித்துவிட்டு வா" என்ற ஒரு சொல் நமக்கு ஒரு வேலை. அவர்களுக்கோ அது இருபது வேலைகள். ஆகவே வேலையைப் படிகளாகப் பிரிக்க வேண்டும். வாளியில் நீர் நிரப்புதல், சட்டையைக் கழற்றுதல், மேலுக்கு நீர் ஊற்றுதல், சோப்புத் தேய்த்தல், கழுவுதல், துவட்டுதல் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே பழக்கி, பிறகு கோக்க வேண்டும். நாற்றங்கால், நடவு, களை, அறுவடை என்று உழவைப் பருவம் பருவமாகச் செய்வது போன்றதே இதுவும்.

கடைசிப் படியிலிருந்து தொடங்குவது மிக்க பயன் தரும். கால்சட்டை போடப் பழக்கும்போது முழங்கால் வரை நாம் ஏற்றிவிட்டு, இடுப்புக்கு ஏற்றுவதை மட்டும் பிள்ளையிடம் விட வேண்டும். வேலையை முடித்த மகிழ்ச்சி பிள்ளைக்கே கிடைக்கும். அது பழகியதும் அதற்கு முந்திய படியையும் விட வேண்டும். கையைப் பிடித்துச் செய்வித்தல், பிறகு தொட்டுக் காட்டுதல், பிறகு சைகை, பிறகு மௌனம் என்று நம் உதவியைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். செய்து முடித்ததும் பாராட்ட வேண்டும்.

காதால் கேட்பதைவிடக் கண்ணால் காண்பது இவர்களுக்கு எளிதில் விளங்கும். ஆதலால் காலை முதல் இரவு வரை செய்யவேண்டியவற்றைப் படமாக வரைந்து சுவரில் வரிசையாக ஒட்டிவைக்கலாம். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை. பழைய நாட்காட்டியின் பின்புறமே போதும். "அடுத்து என்ன?" என்பது தெரிந்துவிட்டால் பிள்ளையின் கலக்கம் பாதி தீர்ந்துவிடும்.

பேச்சு வராத பிள்ளைக்குப் படம், சைகை, கைப்பேசியிலுள்ள செயலி என்று ஏதேனும் ஒரு வழியில் தன் எண்ணத்தைத் தெரிவிக்கக் கற்பிக்க வேண்டும். வேண்டும், வேண்டாம், வலிக்கிறது, போதும், உதவி என்ற ஐந்தையும் சொல்ல ஒரு வழி இருந்தால், அலறலும் தலையை மோதிக்கொள்ளலும் பெரும்பாலும் குறையும். அவ்வாறு செய்வது பிடிவாதத்தால் அன்று. ஒலி தாங்காமையோ, வயிற்று வலியோ, வழக்க மாற்றமோ காரணமாயிருக்கும். அடித்தல் அக்காரணத்தைப் போக்காது. அச்சத்தை மட்டுமே சேர்க்கும்.

வயதுக்கேற்பப் பயிற்சியும் வளர வேண்டும். ஐந்து வயதளவில் கழிப்பிடம் செல்லுதல், தானே உண்ணுதல்; பத்து வயதளவில் குளித்தல், உடுத்தல், தட்டைக் கழுவுதல், பாயைச் சுருட்டுதல்; பதினைந்து வயதளவில் சோறு வடித்தல், துணி துவைத்தல், கடைக்குச் செல்லுதல், கடிகாரம் பார்த்தல்; பதினெட்டு வயதளவில் ஒரு வேலை, ஒரு வங்கிக் கணக்கு, ஒரு தனிப் பயணம். இவை குறிக்கோள்களே, கெடுக்கள் அல்ல. ஐந்து வயதிற் கைகூடாதது பதினைந்தில் கைகூடலாம். கற்கும் வயது கடந்துவிட்டது என்று எவரையும் கைவிடலாகாது.

பணத்தைக் காகிதத்தில் கற்பிப்பதைவிடக் கடையிற் கற்பிப்பது மேல். நாள்தோறும் ஒரே நேரத்தில், ஒரே கடையில், ஒரே பொருளை வாங்கப் பழக்குங்கள். கடைக்காரர் செய்யவேண்டியது ஒன்றுண்டு. பையனைக் கண்டதும் பொருளை எடுத்து நீட்டிவிடாமல், அவன் கேட்கும் வரையில் பொறுத்திருக்க வேண்டும். அந்த ஒரு நிமிடப் பொறுமையும் கல்வித் தொண்டே.

நம் ஊரின் அபாயங்கள்

ஆட்டிசமுள்ள பிள்ளைகள் திடீரென்று வீட்டை விட்டு நடந்துவிடுவதுண்டு. 2012ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், ஏறத்தாழப் பாதிப் பிள்ளைகள் நான்கு வயதுக்குமேல் ஒருமுறையேனும் அவ்வாறு சென்றுவிட முயன்றதாகக் கண்டார்கள். இவர்களுள் பலருக்கு நீர்நிலைகளின்மேல் தனி ஈர்ப்புண்டு. நம் பகுதியிலோ கொசஸ்தலை ஆறும், பக்கிங்காம் கால்வாயும், செப்பாக்கத்தை அடுத்த சாம்பல் குளமும், துறைமுகத்துக்கு ஓயாமல் ஓடும் கண்டெய்னர் லாரிகளும், ஊரை ஒட்டிய ரயில் பாதையும் உள்ளன. இவற்றை நினைத்தால் பெற்றோர் கதவைப் பூட்டி வைப்பதில் வியப்பில்லை. ஆனால் வாழ்நாள் முழுதும் பூட்டிவைக்க இயலாது.

ஆகவே மூன்று காரியங்கள் செய்ய வேண்டும். முதலாவது, பெயரும் தொலைபேசி எண்ணும் பொறித்த ஒரு பட்டை எப்போதும் பிள்ளையின் கையில் இருக்க வேண்டும். இரண்டாவது, தக்கவர் துணையோடு தூய நீருள்ள இடத்தில் நீச்சல் பழக்க வேண்டும். மூன்றாவது, தெருவிலுள்ள கடைக்காரர், ஆட்டோ ஓட்டுநர், ரயில் கேட் பணியாளர், மீன் விற்கும் தாய்மார் ஆகியோர் பிள்ளையை முகமறிந்து வைத்திருக்க வேண்டும். பிள்ளையைத் தெருவிற் காணாதவர்களால் அவனைக் காக்க இயலாது. ஆதலின் பெற்றோர் பிள்ளையை மறைக்காமல் சந்தைக்கும் கோயிலுக்கும் திருவிழாவுக்கும் அழைத்துவர வேண்டும். ஒலி மிகும் இடங்களில் காதுகளை மூடும் கருவியைப் போட்டுவிடலாம்.

ரயில் அபாயம் மட்டுமன்று. நல்ல பள்ளிக்கூடமும் ஆகும். நேர அட்டவணையை மனப்பாடமாக வைத்திருக்கும் பிள்ளைகள் பலர் உண்டு. அந்த விருப்பத்தையே பயணப் பயிற்சியாக்கலாம். அத்திப்பட்டில் ஏறினால் நந்தியம்பாக்கம், அடுத்தது மீஞ்சூர். முதலில் உடன் அமர்ந்து செல்லுங்கள். பிறகு அதே பெட்டியில் எட்டி அமருங்கள். பிறகு அடுத்த பெட்டியில் ஏறுங்கள். பிறகு மீஞ்சூரில் ஒருவரை நிறுத்திவிட்டுத் தனியே அனுப்புங்கள். மேம்பாலத்தின் வழியாகவோ திறந்த கேட்டின் வழியாகவோ அன்றித் தண்டவாளத்தைக் கடக்கலாகாது என்ற விதியை முதல் நாளிலிருந்தே மாறாமற் கடைப்பிடிக்க வேண்டும். ஒருமுறை பழகிய வழியை இவர்கள் எளிதில் மாற்றமாட்டார்கள். ஆகவே முதல் வழி சரியான வழியாய் இருத்தல் வேண்டும்.

பருவமடையும் காலம்

பருவமடைதல் இப்பிள்ளைகளுக்கும் உரிய வயதில் வந்தே தீரும். பெண் பிள்ளைக்கு மாதவிடாயைப்பற்றி முன்கூட்டியே படங்களின் மூலம் சொல்லி, துணியையோ நாப்கினையோ மாற்றப் பழக்க வேண்டும். உடுப்பை மாற்றுதல், உடலைத் தொட்டுக்கொள்ளுதல் போன்றவை தனியறைக்கு உரியவை என்று ஆண் பெண் இருபாலருக்கும் கற்பிக்க வேண்டும். பிறர் தொடக்கூடாத இடங்கள் எவை, தொட்டால் யாரிடம் தெரிவிப்பது என்பதையும் சொல்லித்தர வேண்டும். பேச இயலாத பிள்ளையைத் தீயோர் எளிதில் இலக்காக்குவர். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் பதினெட்டு வயதுக்குட்பட்ட எல்லாப் பிள்ளைகளையும் காக்கிறது. அத்தகைய குற்றத்தை அறிந்தும் மறைப்பது சட்டப்படி குற்றம். குடும்ப மானம் என்று கூறி மூடிவைத்தல் பிள்ளைக்குச் செய்யும் இரண்டாவது தீங்கு.

கைக்கு ஒரு தொழில்

நாளெல்லாம் தொலைக்காட்சியின்முன் உட்கார்ந்திருப்பவன் உடலும் கெடும், உள்ளமும் கெடும். எத்தகையவனுக்கும் எழுந்து செல்ல ஓர் இடமும், செய்து முடிக்க ஒரு வேலையும் வேண்டும்.

மாறாத ஒழுங்கு, நுணுக்கமாய்ப் பார்த்தல், ஒரே வேலையைச் சலிப்பின்றிச் செய்தல் ஆகியவை இவர்களில் பலருக்கு இயல்பாய் அமைந்த பண்புகள். ஆடு கோழி வளர்த்தல், நாற்றுப் பைகளில் மண் நிரப்புதல், விதையைத் தரம் பிரித்தல், முட்டையை எண்ணி அடுக்குதல், காகிதப் பை ஒட்டுதல், மசாலாப் பொடியை நிறுத்துப் பொட்டலம் கட்டுதல், கணிப்பொறியில் விவரம் பதித்தல் என்று அவரவர் தகுதிக்கேற்ற வேலைகள் பல. அமெரிக்காவில் 1947ஆம் ஆண்டில் பிறந்த டெம்பிள் கிராண்டின் என்னும் அம்மையார் ஆட்டிசமுள்ளவர். உறவினரின் பண்ணையில் மாடுகளோடு பழகி, அவை மிரளாமல் நடந்து செல்லும் கொட்டில்களை அமைத்து, பல்கலைக்கழகப் பேராசிரியராகவும் உயர்ந்தார். எல்லோரும் அவராக முடியாது. ஆனால் எந்தப் பிள்ளைக்கு எதில் விருப்பம் என்று பார்த்து அதன்வழி வேலை தருதல் எல்லோராலும் முடியும்.

வேலை தருவோர் சிறிது ஒத்துழைக்க வேண்டும். கட்டளை குறுகியதாகவும் தெளிவாகவும் இருக்கட்டும். வேலையின் வரிசை படமாகத் தொங்கட்டும். இரைச்சல் குறைந்த மூலையில் இடம் கொடுங்கள். கூலியைக் குறையாமல் அவன் கணக்கிலேயே செலுத்துங்கள். இரக்கத்தின் பேரில் தரும் சில்லறை அன்று, உழைப்பின் ஊதியம் அது.

சட்டம் தரும் உரிமைகள்

1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசமுள்ளோர் நலனைத் தன் நோக்கங்களுள் ஒன்றாகக் கொண்டது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தை 21 வகைக் குறைபாடுகளுள் ஒன்றாக ஏற்றது. மாற்றுத்திறனின் அளவு 40 விழுக்காட்டுக்குக் குறையாத பிள்ளைகளுக்கு ஆறு முதல் பதினெட்டு வயது வரை இலவசக் கல்வி உரிமை உண்டு. அத்தகையோருக்கு அரசுப் பணியில் 4 விழுக்காடு ஒதுக்கீடும் உண்டு. அதில் ஒரு விழுக்காடு ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு முதலியன உள்ளவர்களுக்கு உரியது. வறுமை ஒழிப்பு, வளர்ச்சித் திட்டங்களிலும், வீடு மற்றும் விவசாய நில ஒதுக்கீட்டிலும் 5 விழுக்காடு ஒதுக்கப்பட வேண்டும் என்றும் சட்டம் கூறுகிறது. இந்த 5 விழுக்காடு நம் ஊரில் யாருக்குச் சென்றது என்று கேட்பது ஊராட்சியின் கடமை. நம்மைச் சூழ்ந்த மின் நிலையங்களும் துறைமுகமும் அரசுக்குரிய நிறுவனங்களே. அங்கும் இக்கேள்வியைக் கேட்கலாம்.

இவை யாவற்றுக்கும் முதற்படி, அரசு மருத்துவமனையில் மதிப்பீடு செய்து பெறும் மாற்றுத்திறனாளிச் சான்றும் தேசிய அடையாள அட்டையும் ஆகும். தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' திட்டத்தில் சேர்ந்தால் ஆண்டுக்கு ஒரு இலட்சம் ரூபாய் வரையில் மருத்துவக் காப்பீடு உண்டு. பதினெட்டு வயது நிறைந்தபின் பாதுகாவலர் தேவைப்படுமானால், மாவட்ட ஆட்சியரை உள்ளடக்கிய உள்ளூர் நிலைக் குழுவிடம் விண்ணப்பிக்கலாம். எல்லோருக்கும் பாதுகாவலர் தேவையில்லை. தானே முடிவெடுக்கக் கூடியவரிடமிருந்து அந்த உரிமையைப் பறிக்கலாகாது. பெற்றோர் தம் சொத்தைப்பற்றித் தெளிவான உயில் எழுதிவைப்பதும், பிள்ளையின் உணவு, மருந்து, பழக்கம், அச்சம் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதிவைப்பதும் அவசியம். பின்னர் வந்து பார்ப்பவருக்கு அந்த நோட்டே வழிகாட்டி.

ஊராட்சி செய்யவேண்டுவன

நம் அண்டை மாநிலமாகிய கேரளத்தில் ஊராட்சிகளே இப்பணியை ஏற்றுள்ளன. 2004ஆம் ஆண்டில் திருவனந்தபுரம் மாவட்டம் வெங்ஙானூர் ஊராட்சியில் 'பட்ஸ்' பள்ளி தொடங்கப்பெற்றது. இன்று அம்மாநிலத்தில் முந்நூறுக்கும் மேற்பட்ட பட்ஸ் நிறுவனங்கள், உள்ளாட்சிகளின் பொறுப்பில், குடும்பஸ்ரீ மகளிர் இயக்கத்தின் துணையோடு நடைபெறுகின்றன. பதினெட்டு வயது கடந்தவர்களுக்குத் தனியே பகல் நேரத் தொழிற்பயிற்சி மையங்கள் உண்டு. பள்ளி முடிந்ததும் வீட்டுக்குள் முடங்கும் நிலையை அவை மாற்றுகின்றன. நம் மாநிலத்திலும் தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் 1981ஆம் ஆண்டில் தொடங்கிய அமர் சேவா சங்கம், கிராமம் கிராமமாகப் பணியாளரை அனுப்பிப் பெற்றோரை வீட்டிலேயே பயிற்றுகிறது. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் மத்திய அரசின் தேசிய நிறுவனம் ஒன்று பல்வகைக் குறைபாடுள்ளோருக்கெனப் பணிபுரிகிறது. வழிகாட்டிகளுக்குக் குறைவில்லை, நாம் தொடங்குவதே குறை.

ஊராட்சிகள் செய்யத்தக்க ஐந்து காரியங்களைக் கூறுவோம்.

1. வீடுதோறும் விசாரித்து, ஆட்டிசமும் ஏனைய வளர்ச்சிக் குறைபாடுகளும் உள்ளவர்களின் பட்டியலைத் தயாரித்தல். பெற்றோரின் சம்மதம் பெற்று, அதனைப் பொதுவில் வெளியிடாமல் வைத்தல்.

2. அங்கன்வாடிப் பணியாளரும் கிராமச் செவிலியரும் இரண்டு வயதுக்குள்ளேயே அறிகுறிகளைக் கண்டு, மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புதல்.

3. ஒவ்வொரு பிள்ளைக்கும் உறவினர், அண்டை வீட்டார், ஆசிரியர், கடைக்காரர், இளைஞர் என ஐவர் கொண்ட துணைக்குழு அமைத்தல். பெற்றோர் நோயுற்றால் அன்றே ஓடிவருவோர் அவர்களாக இருக்க வேண்டும்.

4. ஊராட்சிக் கட்டிடம் ஒன்றில், பதினெட்டு வயது கடந்தவர்களுக்குப் பகல் நேரத் தொழிற்கூடம் திறத்தல். இரண்டு மூன்று ஊராட்சிகள் சேர்ந்தும் நடத்தலாம். மகளிர் சுயஉதவிக் குழுக்கள் மேற்பார்வையை ஏற்கலாம். சுற்றுப்புற நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியையும் கேட்டுப் பெறலாம்.

5. ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராம சபையில் ஒன்றிலேனும் இப்பொருளைத் தீர்மானமாக வைத்து, நடந்தது என்ன என்று கணக்குக் கேட்டல்.

2025ஆம் ஆண்டு ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம், உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக அமர்த்துவதற்குரிய சட்டத் திருத்தங்களை நிறைவேற்றியது. இதனால் மாற்றுத்திறனாளிகளின் குரல் ஊராட்சி மன்றத்துக்குள்ளேயே ஒலிக்க வழி பிறந்துள்ளது. தமக்காகப் பேச இயலாத ஆட்டிசப் பிள்ளைகளுக்காகவும் அவர்கள் பேச வேண்டுமென வேண்டுகிறோம்.

அன்பர்களே! இப்பணிக்குப் பெரிய மாளிகை வேண்டா. பெரிய தொகையும் முதலில் வேண்டா. இந்த வாரத்திலேயே தொடங்கக்கூடியவை உண்டு. பெற்றோர் ஒரு படியைப் பிள்ளையிடமே விட்டுப் பாருங்கள். கடைக்காரர் ஒரு நிமிடம் பொறுத்துப் பாருங்கள். உழவர் தம் தோட்டத்தில் ஒரு மணி நேர வேலை கொடுத்துப் பாருங்கள். ஊராட்சி உறுப்பினர் தம் வார்டில் ஒரு பட்டியல் எடுத்துப் பாருங்கள். இவை ஆண்டுக்கணக்காய்த் தொடருமானால், வயது முதிர்ந்த தாய் ஒருத்தி "இனி என் பிள்ளையை ஊர் பார்த்துக்கொள்ளும்" என்று நிம்மதியாய் உறங்கும் நாள் வரும். அந்நாளை விரைவில் எய்த நாம் அனைவரும் இன்றே முற்படுவோமாக!